அந்தச் சின்னச் சட்டை

போன மாசம் ஒருநாள் மத்தியானம், ஜப்பானில அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கிற யோகோசுகாவில இருந்து அண்ணான்ட மகள் வட்சப்பில எடுத்தவள். "மாமி, காலமை இவற்ற கப்பல் வெளிக்கிட்டிட்டுது. ஜெட்டியில நிண்டு கையைக் காட்டிட்டு, சின்னவளை நேர்சரியில விட்டுட்டு, கொமிசரிக் கடைக்குப் போய் பாலும் அரிசியும் வாங்கிக்கொண்டு இப்பதான் வந்து இருக்கிறன்" எண்டாள். எப்ப திரும்பி வருமாம் எண்டு கேட்டன். அது சொல்லக்கூடாது மாமி எண்டாள். பேந்து சின்னவளுக்குத் தடிமன், போனமுறை அனுப்பின மிளகாய்த்தூள் முடியப்போகுது எண்டு வேற கதைக்குப் போட்டுது. விடியக் கடலுக்குப் போன மனுசனைப் பற்றி எங்கட ஊர்ப் பொம்பிளையள் கிணத்தடியில கதைக்கிற மாதிரித்தான் கதைச்சவள், ஒரு பதட்டமும் இல்ல. ஆனா அந்தக் கோலை வச்சாப்பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடேல்ல. உடுப்புக் காயப்போட முத்தத்துக்குப் போனா, கொடியைப் பாத்த உடன அம்மா ஞாபகம் வந்திட்டா.

எங்கட வீடு வலிகாமம் வடக்கில, மயிலிட்டிக்குக் கிட்ட, கடல் காத்து விறாந்தை வரைக்கும் வாற இடம். 1990 ஆனியில வெளிக்கிட்ட சனத்தோட நாங்களும் வெளிக்கிட்டம். அந்தக் கதையை இஞ்ச திருப்பிச் சொல்லத் தேவையில்ல, வாசிக்கிற உங்களில பாதிப்பேருக்கு உங்கட வீட்டிலயே அது இருக்கும். நான் சொல்ல வந்தது அதுக்குப் பிறகு நடந்தது. சண்டை முடிஞ்சு ரெண்டு மூண்டு வருசத்தில, ஒரு திருவிழாவுக்கு, படை பிடிச்சு வச்சிருந்த வலயத்துக்கு உள்ளுக்க இருந்த கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுட்டு வர ஒருநாள் விட்டவை. பேர் பதிஞ்சு, அடையாள அட்டை காட்டி, பஸ்ஸில ஏத்திக்கொண்டு போய் பஸ்ஸிலயே கொண்டுவந்து விடுறது, இடையில இறங்கேலாது. நான் பள்ளிக்கூடத்தில லீவு எடுக்கேலாமப் போச்சு, அம்மா தனியத்தான் போனவ. பின்னேரம் வந்து செருப்பைக் கழட்டாமலே கதிரையில இருந்தவ. எங்கட ஒழுங்கையடியில பஸ் மெதுவாப் போனதாம். வீடு நிண்டதாம், ஓட்டுக்கூரை நிண்டதாம். விறாந்தையில இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் பச்சை நைலோன் கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டிருந்ததாம். பெரிய உடுப்புகளோட ஒரு சின்னப் பிள்ளைச் சட்டை. மஞ்சள், கைக்கு வெள்ளை லேஸ் வச்சது, மூண்டு நாலு வயசுப் பிள்ளைக்குச் சரியா இருக்கும் எண்டு கையால அளவு காட்டினவ.

அண்டிரவே அண்ணாவுக்கு நியூ ஜேர்சிக்குக் கோல் எடுத்துச் சொன்னவ. அண்ணா கொஞ்சநேரம் பேசாமல் இருந்திட்டு, "அம்மா, தனி ஆம்பிளையள் இருந்தா அது முகாம், எப்பவோ ஒருநாள் எழும்பிப் போகும். பிள்ளைகுட்டியோட வந்திட்டினமெண்டா அது ஊர். இனி அந்த வளவை மறந்திடுங்கோ" எண்டவர். அம்மா அதுக்கு ஒண்டும் சொல்லேல்ல. போனை என்னட்டத் தந்திட்டு, என்னைப் பாத்து, "அந்தக் கிணத்துக்கட்டு நல்லாப் பதிவு, உயரமே இல்ல பிள்ளை. பாசியும் பிடிக்கும். அந்தப் பிள்ளையை அங்கால விடாதேங்கோ எண்டு ஆரும் சொல்லியிருப்பினமோ?" எண்டு கேட்டவ.

ஒரே சட்டை, அண்ணாவுக்கு ஒண்டாத் தெரிஞ்சுது, அம்மாவுக்கு வேறயாத் தெரிஞ்சுது. அம்மா 2016ல போய்ச் சேரும் வரைக்கும் வருசத்தில ரெண்டு மூண்டு தரம் எண்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்டவ. நான் அப்ப முழுசா அண்ணான்ட பக்கம். எனக்கு அம்மாவில கோவமும் வந்திருக்கு. எங்கட வீட்டுக்குள்ள நாங்கள் போகேலாமக் கிடக்கு, நீங்கள் ஆர்ட்டயோ பிள்ளைக்குக் கவலைப்படுறியள் எண்டு ஒருக்கா சத்தம் போட்டனான். அதை நினைச்சா இப்பவும் தொண்டை அடைக்குது.

கப்பலுக்குப் பின்னால இருக்கிற குசினி

கடற்படைத் தளம் எண்டா பீரங்கியும் கப்பலும் எண்டுதான் நான் கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தனான். இத்தனைக்கும் எங்கட ஐயாவே திருகோணமலை டொக்யார்ட்டில பிரிட்டிஷ் நேவிக்குக் கீழ ஸ்டோரில கிளாக்கரா இருந்தவர். அவர் ஒருநாளும் பீரங்கியைப் பற்றிக் கதைச்சது இல்ல. கயிறு, பெயின்ட், கோதம்பமா, சவுக்காரம், பித்தளை ஆணி, இதுதான் அவற்ற கதை. "கப்பல் வந்தா முதல் கேக்கிறது குண்டு இல்ல, மரக்கறியும் தபாலும்" எண்டு சொல்லுவார். மாசக்கணக்காக் கடலில நிண்டு வாற கப்பலுக்கு எண்ணெய் வேணும், நல்ல தண்ணி வேணும், உடைஞ்ச சாமானுக்கு மாத்துச் சாமான் வேணும், அடிப்பக்கம் பழுதெண்டா டொக்கில ஏத்தவேணும், ஆக்களுக்கு ரெண்டு நாள் தரையில நடக்கவேணும். இது கிட்டடியில கிடைக்காட்டி கப்பல் தன்ர நாட்டுக்குத்தான் திரும்ப ஓடவேணும். திருகோணமலைச் சீனன்குடாவில பிரிட்டிஷ்காரன் 101 எண்ணெய்த் தாங்கி கட்டினது அதுக்குத்தான். 1942 மாசி மாசம் சிங்கப்பூர் விழுந்தாப்பிறகு கிழக்குக் கடலில பிரிட்டிஷ் கப்பல்களுக்கு ஒதுங்க மிஞ்சின இடங்களில திருகோணமலை பெரிசு. அந்த வருசம் சித்திரை 9ம் திகதி ஜப்பான்காரன் அங்க குண்டு போட்டு, அண்டைக்கே மட்டக்களப்புக்கு வெளியால ஹேர்மிஸ் எண்ட விமானந்தாங்கியையும் தாட்டவன். எண்ணெயையும் டொக்கையும் அடிச்சா கப்பலுக்குக் கால் உடைஞ்ச மாதிரி எண்டு அவனுக்குத் தெரியும். தாங்கியளில 99 இப்பவும் நிக்குது, 2022ல கூட அதுக்கு ஒப்பந்தம் எழுதினவை.

1957ல தளத்தைக் கையளிச்சுப்போட்டு பிரிட்டிஷ்காரன் போக ஐயாவின்ட வேலையும் போச்சு. வேலையால நிக்கேக்க கிடைச்ச காசு, சேத்து வச்ச காசு எல்லாத்தையும் போட்டுக் கட்டின வீடுதான் நான் சொல்லுற வீடு. ஒரு கடற்படைத் தளத்தில உழைச்ச காசில எழும்பின வீடு. அந்த விறாந்தைத் தூணுக்குப் பூசின பச்சைப் பெயின்டை எங்க இருந்து எடுத்தவர் எண்டு அம்மா கேட்டா ஐயா சிரிச்சுக்கொண்டு போயிடுவாராம்.

அண்ணான்ட மகள் கலியாணம் முடிச்சது அமெரிக்க நேவியில இருக்கிற ஒரு பெடியனை. பிலிப்பைன்ஸ் வம்சாவளி. கப்பலில வெல்டிங், குழாய், இரும்பு வேலை எல்லாம் அவன்ட பொறுப்பு. அவள் யோகோசுகாவுக்குப் போனாப்பிறகுதான் தளம் எண்ட சொல்லுக்கு எனக்குக் குசினி விளங்கினது. போறதுக்கு முதலே அவளுக்கும் பிள்ளைக்கும் மெடிக்கல் பாத்தவையாம், பல்லில இருந்து எல்லாம். அங்க வைத்தியம் பாக்கேலாத வருத்தம் வீட்டில ஆருக்கும் இருந்தா குடும்பத்தை விடமாட்டினம், மனுசன் தனியத்தான் போகவேணும். போய் இறங்கின கிழமை, ரயிலில எப்பிடி ஏறுறது, குப்பையை எப்பிடிப் பிரிச்சு வைக்கிறது, எந்த வீட்டுக்குள்ள சப்பாத்தோட போகக்கூடாது எண்டு வகுப்பு. தளத்துக்குள்ள ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை, அமெரிக்கத் தபால்கந்தோர். இஞ்ச நான் வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள் நியூ ஜேர்சிக்குப் போய், அங்க இருந்து அண்ணி அமெரிக்காவுக்குள்ள அனுப்பிற முத்திரைக் காசிலயே யோகோசுகாவுக்குப் போகுது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒம்புட்ஸ்மன் எண்டு ஒரு ஆள் இருக்கு, அனேகமா அந்தக் கப்பல்காரர் ஆற்றையும் மனுசிதான், சம்பளம் இல்ல. கப்பல் கடலில நிக்கேக்க வீட்டில ஒரு சாவோ வருத்தமோ எண்டா குடும்பத்துக்கும் கப்பலுக்கும் இடையில நிக்கிறது அந்த ஆள்தான். போன வருசம் சின்னவளுக்குக் காய்ச்சல் கூடி ஆஸ்பத்திரியில வச்சிருக்கேக்க, பக்கத்தில இரவு முழுக்க இருந்தது அந்தப் பிள்ளைதானாம்.

இந்த ஒம்புட்ஸ்மன் முறை 1970ல வந்தது. கொண்டுவந்தவர் அட்மிரல் ஸும்வோல்ட், அப்ப அமெரிக்கக் கடற்படைக்குத் தலைவர். வியட்நாம் சண்டை நேரம், சனம் நேவியை விட்டுட்டு ஓடிக்கொண்டிருந்தது. முக்கியமான காரணங்களில ஒண்டு வீட்டுப் பிரிவு. அவர் போட்ட கணக்கு லேசான கணக்கு. அமெரிக்காவில இருந்து ஒரு கப்பலை ஆசியாவுக்கு அனுப்பினா, ஓடிவரவே ரெண்டு கிழமைக்கு மேல போகும், திரும்பவும் அவ்வளவு. ஒண்டு அங்க நிக்க, ஒண்டு வெளிக்கிட ஆயத்தமாக, ஒண்டு திருத்த வேலையில கிடக்கும். அதால ஒரு கப்பல் எப்பவும் தூரக் கடலில நிக்கவேணும் எண்டா குறைஞ்சது மூண்டு கப்பல் வேணும். குடும்பத்தை அங்க கொண்டுபோய்க் குடியிருத்திப் போட்டா கப்பலுக்கு அந்தத் துறைமுகமே வீட்டுத் துறைமுகம், போக்குவரத்து மிச்சம், மனுசனும் பிள்ளை முகத்தைப் பாத்துக்கொண்டு வேலையில நிப்பான். இப்பிடித்தான் 1973 ஐப்பசியில மிட்வே எண்ட விமானந்தாங்கி குடும்பங்களோட யோகோசுகாவுக்கு வந்தது. அண்டையில இருந்து இண்டுவரைக்கும் அங்க ஒரு விமானந்தாங்கி இருந்துகொண்டுதான் இருக்கு, இப்ப நிக்கிறது ஜோர்ஜ் வோஷிங்டன். அம்பது வருசம் தாண்டியாச்சு.

இதைக் கேட்டாப்பிறகு அண்ணான்ட கதை எனக்கு இன்னும் உறைச்சுது. அவருக்கு ஸும்வோல்ட்டைத் தெரியாது, ஆனா அவர் சொன்னதுதான் ஸும்வோல்ட்டும் செய்தது. குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்கினா தளம் வேர் விடும்.

அதுக்கு அந்தக் குடும்பங்களும் விலை குடுக்கினம், அதையும் சொல்லவேணும். முன்னணியில நிக்கிற கப்பலுக்கு எப்பவும் வேலை, திருத்தவும் பழக்கவும் நேரம் காணாது. 2017 ஆனி 17ம் திகதி யோகோசுகாவைச் சேர்ந்த ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் இருட்டுக்குள்ள கொண்டெயினர் கப்பலோட மோதி 7 பேர் செத்தவை, நித்திரைப் பாயோட தண்ணிக்குள்ள போனவை. ரெண்டு மாசத்தில மக்கெய்ன் கப்பல் சிங்கப்பூருக்குக் கிட்ட மோதி 10 பேர். அதுவும் யோகோசுகாக் கப்பல்தான். பிறகு விசாரிக்கேக்க, ஜப்பானில நிண்ட கப்பல்களில பயிற்சிச் சான்றுகள் கனக்கக் காலாவதியாகிக் கிடந்தது வெளியில வந்தது. ஒரு கப்பலை வெளிநாட்டில 10 வருசத்துக்கு மேல வச்சிருக்கக்கூடாது எண்டு பேந்துதான் சட்டம் போட்டவை. கப்பல் வெளிக்கிடுற நாளில ஜெட்டியில கையைக் காட்டுற ஒவ்வொரு பொம்பிளைக்கும் இது தெரியும், எங்கட பிள்ளைக்கும் தெரியும், அவள் என்னட்டக் கதைக்காம விடுறது வேற.

இகேகோ

ஒருநாள் அவளிட்ட, நீங்கள் இருக்கிற இடம் முதல் என்னவா இருந்தது எண்டு சும்மாதான் கேட்டனான். அவள் இருக்கிறது பெரிய தளத்துக்குள்ள இல்ல, கொஞ்சம் தள்ளி இகேகோ எண்ட இடத்தில கட்டின குடியிருப்பு. சுத்திவர மரம், குன்று, நல்ல வடிவான இடமெண்டு வீடியோவில காட்டியிருக்கிறாள். தெரியாது மாமி, கேட்டுச் சொல்லுறன் எண்டாள். ரெண்டு கிழமையால எடுத்து, குரல் இறங்கித்தான் கதைச்சவள். 1930களின்ட கடைசியில ஜப்பான் கடற்படை ஆயுதக் கிடங்குக்கு எண்டு எடுத்த காணியாம் அது, கமக்காரற்ற ஊர். 1945ல ஜப்பான் தோற்க, கிடங்கு அப்பிடியே அமெரிக்கன்ர கைக்குப் போச்சு. 1980களில நேவிக் குடும்பங்களுக்கு வீடு கட்டப்போறம் எண்டு சொல்ல, காட்டை வெட்டவேண்டாம், காணியைத் திருப்பித் தாங்கோ எண்டு அந்த நகரத்துச் சனம் எழும்பினது. எதிர்க்கிற ஆளையே மேயராக்கினவை. கடைசியில 1990களில வீடுகள் கட்டித்தான் விட்டது.

"மாமி, நான் இருக்கிறது ஆர்ட்டயோ வளவில" எண்டாள். நான் ஒண்டும் சொல்லேல்ல. என்னத்தைச் சொல்லுறது. அவளின்ட கொடியிலயும் ஒரு சின்னச் சட்டை காயும்தானே. அதை வேலிக்கு வெளியில நிண்டு பாக்கிற சனம் என்ன நினைக்கும் எண்டு எனக்கு நல்லாத் தெரியும், ஏன் எண்டா நான் அந்த வேலிக்கு வெளியில இருந்து வயசு போனவள். அண்டு முதல்முறையா எனக்கு அண்ணான்ட பக்கமே நிக்கேலாமப் போச்சு. அதுக்காக மற்றப் பக்கமும் போகேல்ல. காணி காணிதான். ஆற்ற காணி எண்ட கேள்வி பிள்ளையின்ட முகத்தைப் பாத்து அழிஞ்சுபோற கேள்வி இல்ல.

மருமகன்ட தாத்தாவின்ட கதையும் இதுக்குள்ள வருது. 1947ல பிலிப்பைன்ஸோட எழுதின ஒப்பந்தத்தின்படி அந்த நாட்டுப் பெடியளை அமெரிக்க நேவி நேரடியாச் சேர்த்தது, 1992 வரைக்கும் அது நடந்தது. கனகாலம் அவைக்குக் குடுத்தது சமையலும் பரிமாறுற வேலையும்தான். அவன்ட தாத்தாவும் அப்பிடித்தான் ஏறினவர். பிலிப்பைன்ஸில சுபிக் குடாவில இருந்த அமெரிக்கத் தளத்தால ஒரு நகரமே சாப்பிட்டது. 1991 ஆனியில பினாட்டுபோ எரிமலை வெடிச்சுச் சாம்பல் கொட்ட, தளத்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில கப்பலேறிப் போச்சு. அந்தப் புரட்டாதியில பிலிப்பைன்ஸ் செனட் 12க்கு 11 எண்டு தளத்தை நீடிக்கிற புது ஒப்பந்தத்தை மறுத்தது, 1992 கார்த்திகையில கடைசிக் கப்பலும் வெளிக்கிட்டிட்டுது. ஐயாவுக்கு 1957ல நடந்ததுதான் அந்த ஊருக்கும் நடந்தது. தளம் வந்தாலும் சனம் தான் இடம் மாறும், போனாலும் சனம் தான் இடம் மாறும். எங்கட வீட்டுச் சின்னவளுக்கு ஒரு பூட்டன் திருகோணமலை ஸ்டோரில கணக்கெழுதினவர், மற்றப் பூட்டன் அமெரிக்கக் கப்பலில கோப்பை கழுவினவர்.

பிள்ளையள் இல்லாத தீவு

குடும்பமே வேண்டாம் எண்டு வச்ச தளமும் இருக்கு. இலங்கைக்குத் தென்மேற்கால 1,700 கிலோமீட்டருக்கு மேல, நடுக்கடலில டியேகோ கார்சியா, பிரித்தானியா அமெரிக்காவுக்குத் தளம் போடக் குடுத்த தீவு. அங்க வேலை செய்யிறவை தனியத்தான் போகவேணும், மனுசி பிள்ளையைக் கொண்டுபோக அனுமதி இல்ல. பெரிய ஓடுபாதை, ஆழமாத் தோண்டின குடா, எண்ணெய், சண்டைச் சாமான் ஏத்தி ஆயத்தமா நிக்கிற கப்பல்கள், எல்லாம் இருக்கு. அங்க ஒருகாலம் தென்னந்தோட்டத்தில தலைமுறை தலைமுறையாச் சனம் இருந்தது. 1968க்கும் 1973க்கும் இடையில அவ்வளவு பேரையும் மொரீசியசுக்கும் சீஷெல்சுக்கும் ஏத்தி அனுப்பினவை. வளத்த நாயளைக்கூட விடேல்ல, பிடிச்சுப் புகை அடிச்சுக் கொண்டவை. நாயள் குலைக்கக் குலைக்கப் பிள்ளையள் பாத்துக்கொண்டு நிண்டதை அந்தச் சனம் இண்டைக்கும் சொல்லுது.

அப்பிடிப் பிள்ளைச் சத்தம் இல்லாமல் ஆக்கின தீவில, 2021 ஐப்பசியில கொண்டுபோய் இறக்கினது எங்கட சனத்தை. கனடாவுக்கு எண்டு வெளிக்கிட்ட வள்ளம் கடலில தத்தளிக்க, பிள்ளைகுட்டியோட 89 தமிழ்ச் சனம். கம்பி வேலிக்குள்ள, எலி ஓடுற கூடாரங்களில, மூண்டு வருசத்துக்கு மேல. 2024 மார்கழியிலதான் மிச்சம் இருந்த அனேகமான ஆக்களை பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனவை. அந்த மாசமே நீதிமன்றமும் அவையை அடைச்சு வச்சிருந்தது சட்டத்துக்குப் பிழை எண்டு தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியை வாசிக்கேக்க நான் நினைச்சது ஒண்டுதான். அந்தக் கூடாரக் கயிறுகளிலயும் சின்னச் சட்டை காய்ஞ்சிருக்கும். அதைக் கடந்துபோன சிப்பாய்மார், ஊரில தங்கட பிள்ளையை விட்டுட்டு வந்தவை, என்னத்தை நினைச்சிருப்பினம்?

கிணத்தடி

எங்கட வளவு 2018ல விடுபட்டது. போய்ப் பாக்கேக்க ஓடு இல்ல, கதவு நிலை இல்ல, விறாந்தையில ஒரு தூண் மட்டும் நிண்டது, மிச்சம் பத்தை. கிணறு இருந்தது. கிணத்துக்கு மேல துருப்பிடிச்ச இரும்பு வலை ஒண்டு கிடந்தது, நான் அதை ஆரோ தூக்கி எறிஞ்ச சாமான் எண்டு நினைச்சு இலையைக் கூட்டித் தள்ளிப்போட்டு வந்திட்டன். அம்மா பாக்காமப் போனாவே எண்டதுதான் அண்டு முழுக்க என்ர மனசில.

அதே 2024 மார்கழியிலதான் பிள்ளையும் மருமகனும் சின்னவளோட லீவில வந்தவை. கூட்டிக்கொண்டு போனன். சின்னவள் நேர கிணத்தடிக்குத்தான் ஓடினவள், நான் கத்தினன், தகப்பன் பாய்ஞ்சு பிடிச்சிட்டான். பிடிச்ச கையோட அவன் குனிஞ்சு அந்த வலையைப் பாக்கத் துவங்கினான். பாத்தான், தட்டினான், குந்தி இருந்து விரலால தடவினான். எங்கட பிள்ளை அவன் சொன்னதை எனக்குச் சொல்லச் சொல்ல எனக்குக் கால் நடுங்கத் துவங்கினது. இது எறிஞ்ச சாமான் இல்ல மாமி, இந்தக் கிணத்துக்கு அளவெடுத்துச் செய்தது, ரெண்டு பாதி, ஒரு பாதிக்குப் பிணைச்சல் வச்சிருக்கு, தண்ணி அள்ளேக்க தூக்கிப்போட்டு மூடுறதுக்கு. வெல்டிங் எல்லாம் கைதேர்ந்த ஆள் செய்தது, கூர் ஒண்டும் கையில குத்தாம அராவி விட்டிருக்கு. ஒரு இடத்தில துருவைச் சுரண்டிப்போட்டு உள்ளுக்க இருந்த சாம்பல் நிறப் பெயின்டைக் காட்டினான், கப்பலுக்கு அடிக்கிறது இப்பிடித்தான் எண்டான், ஒரு தரம் இல்ல, மேல மேல அடிச்சிருக்கு. பேந்து சின்னவளைத் தூக்கி, அவளின்ட தலையை அந்த இடைவெளிக்குக் கிட்டப் பிடிச்சுக் காட்டினான். போகாது. ஒரு சாண் கூட இல்ல. கம்பியைக் கூடப் போட்டு நெருக்கி வச்சிருக்கு, பிள்ளையின்ட தலைக்கு அளவு பாத்து.

ஓடு எங்க போச்சு, நிலை எங்க போச்சு எண்டு எனக்கு இப்பவும் கேள்வி இருக்கு. ஐயா வச்ச மாவில ஒண்டும் மிஞ்சேல்ல. அதுக்கெல்லாம் இந்த வலை பதில் இல்ல. ஆனா அம்மா கேட்ட கேள்விக்கு இது பதில். ஆரோ ஒரு தகப்பன், எங்க இருந்து வந்தவனோ, எங்கட கிணத்துக்கட்டு பதிவு எண்டு அவனும் கண்டிருக்கிறான். அம்மாவின்ட அதே பயம் அவனுக்கும் வந்திருக்கு. அந்த மஞ்சள் சட்டைக்காரிக்கு இப்ப பதினாறு பதினேழு வயசு இருக்கும், இலங்கையில எங்கயோ ஒரு பள்ளிக்கூடத்தில படிச்சுக்கொண்டிருப்பாள். நான் அந்தக் கட்டில இருந்து கனநேரம் அழுதன். சின்னவள் வந்து என்ர சீலைத் தலைப்பால என்ர முகத்தைத் துடைச்சவள்.

இப்ப வீடு திரும்பக் கட்டத் துவங்கியாச்சு, அத்திவாரம் முடிஞ்சுது. போன கிழமை மேசனார், கிணத்துக்கட்டை மூண்டடிக்கு உயர்த்துவம் அக்கா, இந்தப் பழைய இரும்பைப் பழசு எடுக்கிறவனிட்டப் போடட்டோ எண்டு கேட்டவர். கட்டை உயர்த்துங்கோ, வலையை விடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். துரு கூடிப்போச்சு, பாரம் தாங்காது எண்டார். அப்ப அதே அளவில புதுசு அடிக்கக் குடுங்கோ எண்டன். ஆறடி அகலம், ரெண்டு பாதி, ஒண்டுக்குப் பிணைச்சல். கம்பிக்குக் கம்பி மூண்டரை அங்குலம். சுன்னாகத்தில ஒரு பட்டறைக்காரன் அளவை எழுதிக்கொண்டு போயிருக்கிறான், ஆடிக்கு முதல் தந்திடுவன் எண்டவன். ஆடியில கப்பல் கரையில நிண்டா மூண்டு பேரும் வருவினம், இல்லாட்டிப் பிள்ளையும் சின்னவளும் மட்டும் வருவினம்.